வீட்டுக்கு ஒரு கல்

முன்னொரு காலத்தில், ராஜா கொட்டாவி விட்டால்கூட ஊரில் யாருக்காவது வேலை வந்துவிடும் என்றிருந்த ஒரு நாட்டில், குணவீரன் என்று ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் கேட்டவர் என்றும் சொல்ல முடியாது.

அவர் ஒரு முறை பக்கத்து நாட்டு ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். சாப்பாடு முடிந்ததும் அந்த ராஜா இவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் மல்லரங்கத்தைக் காட்டினார். நடுவில் செம்மண் களம். சுற்றிலும் வட்ட வட்டமாகக் கல் படிகள்.

"ஐயாயிரம் பேர் அமரலாம். தங்கள் நாட்டில் மல்யுத்தம் காண்போர் எங்கே அமர்கிறார்கள்?"

"ஆற்று மணலில்" என்றார் குணவீரன்.

"அப்படியா" என்றார் அந்த ராஜா. அவ்வளவுதான். சிரித்திருந்தாலாவது சண்டைக்குப் போயிருக்கலாம். சிரிக்காமல் வெற்றிலையை மடித்து நீட்டினார்.

குணவீரனுக்கு அந்த "அப்படியா" நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய அன்றே சபையைக் கூட்டினார். "ஓராண்டில் எனக்கு ஓர் அரங்கம் வேண்டும். எட்டாயிரம் பேர் அமர வேண்டும். அனைத்தும் கல்லாக இருக்க வேண்டும்."

பிரதானி அகளங்கராயர் உடனே எழுந்தார். ராஜா எதைக் கேட்டாலும் அவர்தான் முதலில் எழுவார். ராஜா கேட்டது நடக்கிறதோ இல்லையோ, அகளங்கராயர் வீட்டில் ஒரு மாடி ஏறும்.

"அற்புதமான திருவுள்ளம், அரசே. அரங்கம் வந்தால் அயல்நாட்டு வணிகர் வருவர். சத்திரங்கள் நிரம்பும். சுண்டல் விற்பவனும் மாடி வீடு கட்டுவான். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏரிக்கரை மராமத்துக்கென்று மூன்று ஆண்டுப் பணம் சும்மா கிடக்கிறது. அதை எடுத்து மலையிலிருந்து கல் வெட்டி இறக்கிவிடலாம்."

சபை கைதட்டியது. கைதட்டாதவள் ஒருத்திதான். அவள் பெயர் சிலம்பாயி. அரண்மனை விகடக்காரி. சபைக்கு வருவதற்கு முன்னால் உளியும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அம்மி கொத்தியவள். அரைத்து அரைத்து அம்மி வழவழத்துப் போனால் அதில் புள்ளி புள்ளியாகக் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கித் தர வேண்டும், அந்த வேலை. ஒரு நாள் அரண்மனைச் சமையலறையில் கொத்திக்கொண்டே அவள் பேசிய பேச்சு ராஜா காது வரைக்கும் போய், ராஜா சிரித்து, சபையில் ஓர் இடம் கொடுத்துவிட்டார். பிரதானிக்கு அது ஆறவேயில்லை. அம்மி கொத்தி தனக்குச் சமமாக உட்காருவதா?

"பிரதானியாரே," என்றாள் சிலம்பாயி, "மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தால், அரங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவிடலாமா?"

ராஜா சிரித்தார். ஆனால் பணத்தை எடுக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவர்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் வாயடைத்துப் போகும்.

பணம் கஜானாவிலிருந்து போனது. மலையிலிருந்து கல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காலை நேரத்தில், பிரதானியின் ஆட்கள் மாட்டு வண்டிகளோடு தெருவுக்குள் வந்தார்கள்.

"அரசர் அரங்கத்துக்கு வீட்டுக்கு ஒரு கல். எடுத்து வையுங்கள்."

"வீட்டுல ஏதுங்க கல்லு? மண் சுவரு, ஓலைக் கூரை."

"அதோ இருக்கிறதே" என்றான் ஒருவன், அடுப்படியைக் காட்டி.

அம்மியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரைத்துக்கொண்டிருந்த மிளகாயை வழித்து எடுக்கக்கூட விடவில்லை. எட்டாயிரம் வீட்டிலும் இதே கதை. போகும்போது ஓர் ஓலையை நீட்டிக் கையெழுத்தாக ஒரு கீறல் வாங்கிக்கொண்டார்கள். "மனமுவந்து தந்தேன்" என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தெருக்களில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று வீட்டில் மட்டும் ஓலையை நீட்டவில்லை. கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊர் திகைத்துப் போய் நின்றது. அழக்கூடத் தோன்றவில்லை. வரி என்றால் ஊருக்குத் தெரியும். கூலியில்லாத வெட்டி வேலை என்றாலும் தெரியும். அம்மியை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று யார் கண்டது? அம்மி இருந்த இடத்தில் மண்ணில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பெண்கள் சமைத்தார்கள். மிளகாயை உரலில் இடிக்கலாம், தேங்காயை என்ன செய்வது? சிலர் வாசற்படியில் வைத்துத் தேய்த்தார்கள். குழம்பில் மண் கடித்தது. பல வீடுகளில் புளித்தண்ணீரும் உப்பும்தான் குழம்பு.

அரங்கம் மட்டும் மளமளவென்று எழுந்தது. மண்ணைக் குவித்துப் படி வெட்டி, ஒவ்வொரு படியிலும் அம்மிகளைக் குப்புறப் போட்டு, சாந்து பூசிவிட்டார்கள். அரைக்கிற முகம் கீழே, அடிப்பக்கம் மேலே. ஓர் அம்மிக்கு ஓர் ஆள் உட்காரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கல் மாதிரியேதான் இருந்தது. ராஜா தூரத்திலிருந்துதான் பார்த்தார்.

ஒரு நாள் சிலம்பாயி வீட்டுக்குக் கொல்லர் தெருக் காத்தாயி வந்தாள். அவள் மகள் மரிக்கொழுந்துக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரோடு நாள் குறித்துப் பாக்கு வெற்றிலை மாற்றியாயிற்று.

"பொண்ணு எதுமேல காலை வச்சு அம்மி மிதிப்பா, சொல்லு. ஊரு முழுக்கத் தேடிட்டேன். ஒரு அம்மி இல்ல. நீ ராஜாகிட்ட தெனமும் பேசுறவதானே? பேசேன்."

"பேசினா நாக்கு போகும் அக்கா."

"பேசாத நாக்கை வச்சு உப்பா பாக்கப் போற?" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி எழுந்து போய்விட்டாள். ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மறுநாள் சிலம்பாயி சபையில் எழுந்தாள். விகடம் எதுவும் சொல்லவில்லை. "அரசே, தங்கள் அரங்கம் மலைக்கல்லால் ஆனதன்று. ஊரின் அடுப்படிகளைப் பெயர்த்துக் கட்டியது. மக்கள் மனம் வெந்து, அரங்கத்தையே வெறுக்கிறார்கள்."

ராஜா முகம் சுருங்கியது. அகளங்கராயர் பதறவில்லை. பதறாமல் பொய் சொல்ல அவருக்குப் பல வருஷப் பழக்கம். ஓலைக்கட்டைத் தூக்கி வைத்தார்.

"வீட்டுக்கு ஒரு கல் மக்கள் மனமுவந்து தந்தார்கள், அரசே. இதோ அவர்கள் கீறிய ஓலைகள். அந்தக் கற்களை மங்களமாக அஸ்திவாரத்தில் இட்டோம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மலைக்கல்லே. சிலம்பாயி மக்களின் அன்பையே பழிக்கிறாள். மக்கள் வெறுக்கிறார்கள் என்பது உண்மையா என்று பார்த்துவிடலாமே. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பக்கத்து நாட்டு அரசரும் வருகிறார். அரங்கத்தை நிறைக்கும் பொறுப்பைச் சிலம்பாயியிடமே தாருங்கள். சவுக்கு கூடாது, காசு கூடாது, சோறு கூடாது. உச்சி வேளைக்குள் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கலாகாது."

"காலியாக இருந்தால்?" என்றார் ராஜா.

"அரச ஆணையை நிறைவேற்றாத நாக்கு, அரசே. அறுத்துவிடலாம்."

"நிறைந்தால்?"

"மக்கள் வெறுக்கிறார்கள் என்று பொய் சொன்ன நாக்கு. அதையும் அறுத்துவிடலாம்."

யாரோ ஒரு தளபதி "நியாயம்தான்" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். எந்தப் பக்கம் போனாலும் கத்தி. அதைக் கேட்டு நியாயம் என்கிறார்கள். சிலம்பாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நேற்று வரை இவர்கள் எல்லாம் அவள் விகடத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள்.

ராஜா மனசில் அந்த "அப்படியா" ஓடியிருக்க வேண்டும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

"ஒரே ஒரு விண்ணப்பம்," என்றாள் சிலம்பாயி. "தங்கள் பெயரில் ஒரு தண்டோரா போட அனுமதி வேண்டும்."

"சவுக்கும் காசும் சோறும் இல்லாத எந்த வார்த்தையையும் என் பெயரில் சொல்லலாம்."

மறுநாள் தெருவெல்லாம் பறை ஒலித்தது. "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. வெள்ளிக்கிழமை சூரியன் எழுந்ததும் அரங்கத்துக்கு வரலாம். அவரவர் வீட்டிலிருந்து வந்த கல்தான் அவரவர் இடம். அடுத்தவர் கல்லில் யாரும் உட்காரக் கூடாது. இது ராஜாவின் வாக்கு."

பிரதானியின் ஆட்கள் ஓடிப்போய் இதைச் சொன்னார்கள். அகளங்கராயர் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எட்டாயிரம் கல்லும் குப்புறக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. கல்லுக்குக் கல் என்ன வித்தியாசம்? தன் கல் எது என்று எவனுக்குத் தெரியும்? தேடித் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கழுதை தன் நாக்கைத் தானே அறுத்துக்கொண்டாள்."

பாவம், அவர் பிறந்ததிலிருந்து சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் வரிசையில் பிரபுக்கள் பட்டு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் குணவீரனும் பக்கத்து நாட்டு ராஜாவும். களத்தின் ஓரத்தில் ஒருவன் கத்தியோடு நின்றான். அவனுக்கு எதிரே சிலம்பாயி நின்றாள். மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. பக்கத்து நாட்டு ராஜா சுற்றிலும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அதுவே குணவீரனுக்குச் சூடு போட்ட மாதிரி இருந்தது.

சூரியன் பனைமர உயரம் ஏறியபோது கிழக்கு வாசலில் ஆட்கள் வந்தார்கள். எல்லாம் பெண்கள். இடுப்பில் தூக்குச்சட்டி, கையில் குழவி. குழவியை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லையே, அது அவரவர் வீட்டில்தான் கிடந்தது. ஆண்களும் பின்னாலேயே வந்தார்கள். ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம். யாரும் கோஷம் போடவில்லை. நேரே படிகளில் ஏறினார்கள்.

"இது இல்ல. நம்மளது நடுவுல குழிஞ்சிருக்கும்."

"ஓரத்துல தொட்டுப் பாருடி, எங்க மாமியா இழுத்து இழுத்து அரைச்சதுல இடது பக்கம் தேஞ்சே போயிருக்கும்."

"இந்தா, இது செல்லாண்டி வீட்டுக் கல்லு. மோந்து பாரு, கருவாட்டு வாசம்."

ஓரத்தைத் தடவினார்கள். பிடித்து அசைத்தார்கள். சாந்தில் சுண்ணாம்பைவிட மணல்தான் அதிகம் இருந்தது. சுண்ணாம்புக் காசு எங்கே போனதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சும்மா அசைத்ததற்கே கல் பெயர்ந்து கையோடு வந்தது. புரட்டிப் போட்டால் அரைக்கிற முகம். அதில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கொத்து. மீனவர் தெருவுக்கு மீன், கொல்லர் தெருவுக்கு விளக்கு, குயவர் தெருவுக்குப் பானை. எல்லாம் சிலம்பாயி ஒரு காலத்தில் கொத்தியது.

முதல் வரிசைக்குக் குயவர் தெருப் பெண் ஒருத்தி வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

"யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா?" என்றார் பிரபு.

"தெரியலைங்க. ஆனா நீங்க உக்காந்திருக்கறது எங்க கல்லு. அடுத்தவங்க கல்லுல உக்காரக் கூடாதுன்னு ராஜா சொல்லியிருக்காருங்க."

அவர் ராஜாவைப் பார்த்தார். ராஜா வேறு பக்கம் பார்த்தார், தன் வாக்கு அது. பிரபு எழுந்தார். மெத்தையை ஒதுக்கிவிட்டு அவள் கல்லைப் புரட்டி உட்கார்ந்தாள். அடுத்தவரும் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் முதல் வரிசை முழுக்கப் பட்டு வேட்டிகள் களத்து மண்ணில் போய் நின்றன.

அவரவர் கல் கிடைத்ததும் அவரவர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாதமாக அரைக்காத கை. காய்ந்த மிளகாய், மல்லி, தேங்காய், மஞ்சள். எட்டாயிரம் குழவியும் ஒன்றாக ஓடிய சத்தம் மலை சரிகிற மாதிரி இருந்தது. மிளகாய் நெடி மேடை வரைக்கும் ஏறியது.

பக்கத்து நாட்டு ராஜா மூன்று முறை தும்மினார். "இது என்ன விளையாட்டு? நான் எங்கும் கண்டதில்லையே."

"இதற்குச் சமையல் என்று பெயர், அரசே" என்றாள் சிலம்பாயி. "எங்கள் ஊரில் மறந்துபோயிருந்தது."

அப்போது மேடைக்கே ஏறி வந்தார்கள் காத்தாயியும், மணக்கோலத்தில் மரிக்கொழுந்தும், திருதிருவென்று விழித்தபடி மாப்பிள்ளையும். காத்தாயி குனிந்து ராஜாவின் காலடியைப் பார்த்தாள். அவர் பாதம் வைத்திருந்த கல்லின் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"மகாராசா, காலை எடுக்கணும். முகூர்த்தம் போயிடும். இது எங்க அம்மி."

கத்திக்காரன் இரண்டடி முன்னால் வந்தான். ராஜா கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாகக் காலை எடுத்தார். காத்தாயி கல்லைப் புரட்டினாள். நடுவில் ஒரு விளக்குக் கொத்து. அதன் இடுக்குகளில் பழைய மஞ்சள் ஒட்டியிருந்தது. மரிக்கொழுந்து அதன்மேல் கால் வைத்தாள். மாப்பிள்ளை குனிந்து விரலில் மெட்டி போட்டான். இரண்டு ராஜாக்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உட்கார அங்கே வேறு இடமும் இல்லை.

குணவீரன் பிரதானி பக்கம் திரும்பினார். "பிரதானியாரே, மேலே தெரிவதெல்லாம் மலைக்கல் என்றீர்கள். எந்த மலையில் விளக்கு கொத்தி, மஞ்சள் பூசிக் கல் விளைகிறது?"

அகளங்கராயர் படியிறங்க வழி தேடினார். எட்டாயிரம் பேரும் அரைப்பதை நிறுத்தி அவரையே பார்த்தார்கள். மலைக்கல்லுக்கென்று எடுத்த ஏரிப் பணம் எங்கே என்று ராஜா கேட்கவேயில்லை. கேட்கத் தேவையில்லாமல் அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

உச்சி வேளை மணி அடித்தது. பழக்கத்தில் கத்திக்காரன் சிலம்பாயியைப் பார்த்தான்.

சிலம்பாயி முன்னால் வந்தாள். "அரசே, ஓர் இடமும் காலியில்லை. எண்ணச் சொல்லுங்கள். ஆணை நிறைவேறியது. மக்கள் வெறுக்கிறார்கள் என்றும் சொன்னேன். இவர்கள் உட்காரவும் வரவில்லை, மல்லரைப் பார்க்கவும் வரவில்லை. எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். அதுவும் உண்மை. இப்போது எந்த நாக்கை அறுப்பது என்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜாவுக்கு ஒரு தும்மல் வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். அது மிளகாயா, வெட்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்து நாட்டு ராஜாவும் சிரித்தார். குணவீரன் கழுத்து முத்து மாலையைக் கழற்றிச் சிலம்பாயி கையில் வைத்தார்.

"இன்னும் வேண்டியதைக் கேள்."

"ஏரிக்கரைப் பணம் ஏரிக்குப் போக வேண்டும், அரசே. பிரதானியார் மாடிகளைப் பெயர்த்தாவது." மாலையை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. கொடுத்ததை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அப்புறம், இன்று நடக்க முடியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் சார்பில் வந்தவர்கள் மிஞ்சிய கற்களில் உட்கார்ந்திருக்கிறார்கள், எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் கற்களைப் பிரதானியார் தம் தோளில் சுமந்து வீடு வீடாகச் சேர்க்க வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

பொழுது சாய்வதற்குள் அரங்கத்தில் வெறும் மண் மேடுதான் மிஞ்சியது. முந்நூறு அம்மி மட்டும் களத்தின் நடுவே குவிந்து கிடந்தது.

அகளங்கராயர் முதல் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலத்தெரு முதல் வீட்டுக்குப் போனார். பட்டு வேட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கட்டிலில் படுத்திருந்த அம்மாள் ஒருக்களித்துத் திரும்பி, கல்லின் ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"இது எங்க கல்லு இல்லீங்களே" என்றாள். "கீழத்தெருப் பக்கம் கேட்டுப் பாருங்க."